அண்ணன் தம்பியா இருந்தாலும் ஆளுக்கொரு தட்டு!

"மேடம், எங்க வீட்டுல ரெண்டு கினி பிக் இருக்கு. ரெண்டும் ஆண். ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. மூணு மாசம் வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்குச்சுங்க. இப்ப அஞ்சு மாசம் ஆகுது. ராத்திரியானா கூண்டுக்குள்ள ஒரே துரத்தல். பல்லை நறநறன்னு கடிக்குதுங்க. நேத்து கூண்டுல கொஞ்சம் முடி உதிர்ந்து கிடந்துச்சு. ஒண்ணைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடாம அழறா. என்ன பண்றது?"

திருச்சியிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. செல்லங்களின் பெயர் பட்டாணி, சுண்டல். பின்னணியில் அவருடைய மாமியாரின் குரலும் கேட்டது. "ரெண்டு சேவலை ஒரே கூடையில போட்டு மூடினா வேற என்ன ஆகும்?"

இதே கேள்வியை வேறு வேறு ஊர்களிலிருந்து பலர் கேட்டுவிட்டார்கள். ஆகவே இந்த வாரம் முழுக்க ஆண் கினி பிக்குகளுக்கே.

வாசகிக்கு போன் செய்தேன். முதலில் நான் கேட்டது, "ரத்தம் வந்துச்சாம்மா?"

"இல்ல மேடம். காயம் எதுவும் இல்ல."

"ரெண்டும் ஆண்னு டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிட்டீங்களா?"

"காட்டியாச்சு. ஆண்தான்."

"கூண்டு எவ்வளவு பெரிசு?"

"கடையில கொடுத்ததுதான். ரெண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருக்கும்."

"சாப்பாட்டுத் தட்டு எத்தனை? தண்ணி பாட்டில்? உள்ளே ஒளிஞ்சுக்கிற வீடு?"

"எல்லாம் ஒண்ணு ஒண்ணுதான் மேடம். அதுங்கதான் அண்ணன் தம்பியாச்சே!"

பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஒன்றை மட்டும் வளர்த்தால் என்ன?

சண்டை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்பதுதான். ஆனால், கினி பிக் தனியாக வாழும் பிராணி இல்லை.

பெயரில் கினியும் இருக்கிறது, பன்றியும் இருக்கிறது. இரண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதன் பூர்விகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. பெரு, பொலிவியா, ஈக்வடார் பக்கத்து மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக அதை இறைச்சிக்காக வளர்த்து வருகிறார்கள். அங்கே அதன் பெயர் 'குய்'. மலைக் கிராமத்து வீடுகளில் சமையலறைத் தரையிலேயே கூட்டமாக ஓடித் திரியும். நம் வீட்டுக்கு வந்திருப்பதும் அந்தக் கூட்டத்துப் பிராணிதான். சாப்பிடுவது, தூங்குவது, ஆபத்து என்றால் ஓடி ஒளிவது என எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்.

கினி பிக் போன்ற கூடி வாழும் பிராணிகளைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் 2008-ல் சட்டமே வந்துவிட்டது. நாம் எவ்வளவு கொஞ்சினாலும் அதன் மொழியில் அதற்குப் பதில் சொல்ல நம்மால் முடியாது. நாம் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு அது எட்டு, பத்து மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பட்டாணியைக் கடையில் விட்டுவந்தால் சண்டை தீர்ந்துவிடும். சுண்டலின் தனிமை அன்றுதான் தொடங்கும்.

பிறகு ஏன் சண்டை?

கூட்டத்தில் வாழும் பிராணி என்றாலும், கூட்டத்திலிருக்கும் ஆண்களிடையே யார் பெரியவன் என்ற கணக்கு எப்போதும் உண்டு. காட்டில் வாழும் இதன் உறவுக்கார இனங்களில் பொதுவாக ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்றுதான் குடும்பம் இருக்கும். இளைய ஆண்கள் வளர்ந்ததும் விலகிப் போய்விடும். கூண்டில் விலகிப் போக இடமில்லை. பிரச்னையின் வேர் அதுதான்.

ஆண் குட்டிகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் விடலைப் பருவம் தொடங்கும். ஒரு வயது தாண்டும்வரைகூட அது நீடிக்கலாம். அதுவரை ஒன்றாகச் சுருண்டு படுத்தவை திடீரென்று முறைத்துக்கொள்ளும். நம் வீட்டுப் பிள்ளைகள் பதினான்கு வயதில் கதவை 'டமார்' என்று சாத்துவது போலத்தான். பட்டாணிக்கும் சுண்டலுக்கும் இப்போது ஐந்து மாதம். சரியாக அந்த வயது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் நார்பெர்ட் சாக்ஸர், கினி பிக்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பெரிய கூட்டத்தில், மூத்த ஆண்களோடு வளர்ந்த ஆண் குட்டிகளைப் பிறகு முன்பின் அறியாத ஆண்களோடு விட்டபோது, அவை பெரிதாகச் சண்டை போடாமல் ஒத்துப்போயின. தனியாகவோ, ஒரு பெண் கினி பிக்கோடு மட்டுமோ வளர்ந்த ஆண்கள் அதே சூழ்நிலையில் மூர்க்கமாகச் சண்டையிட்டன. அவற்றின் உடலில் மன அழுத்த ஹார்மோனும் எக்கச்சக்கமாக ஏறியது. விட்டுக்கொடுக்கவும் ஒதுங்கிப்போகவும் விடலைப் பருவத்தில் பெரியவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் இதிலிருந்து தெரியவருவது.

இதனால்தான், புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: ஒரே வயதில் இரண்டு ஆண் குட்டிகளை வாங்குவதைவிட, சாதுவான ஒரு பெரிய ஆணும் ஒரு சிறிய ஆண் குட்டியும் சேர்ந்த ஜோடி பெரும்பாலும் நன்றாக நிலைக்கும். பெரியது வழிநடத்தும், சின்னது கற்றுக்கொள்ளும்.

சண்டையா, பேச்சா?

நாம் 'சண்டை' என்று பயப்படுவதில் பெரும்பகுதி அவற்றின் பேச்சு. அந்தப் பேச்சைப் படிக்கத் தெரிந்துவிட்டால், எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பது தெரிந்துவிடும். டிராஃபிக் சிக்னல் போல மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பச்சை: 'டுர்ர்ர்...' என்று சின்ன மோட்டார் ஓடுவது போலச் சத்தம் எழுப்பியபடி இடுப்பை ஆட்டி ஆட்டி மெதுவாக நடப்பது. மற்றதன் பின்பக்கத்தை முகர்வது. மேலே ஏறுவது. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து வாசனை வைப்பது. கொஞ்ச தூரம் துரத்திவிட்டு நிறுத்திக்கொள்வது. 'நான் பெரியவன்' என்று சொல்கிற வழிகள் இவை. ஆண்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறினாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. தலையிடாதீர்கள்.

மஞ்சள்: இரண்டும் நேருக்கு நேர் நின்று மூக்கை மேலே மேலே தூக்குவது. பல்லை 'டகடக' என்று அடிப்பது. வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவது போல முன்பற்களைக் காட்டுவது. கழுத்து முடி சிலிர்ப்பது. முடியைக் கொஞ்சம் பிடுங்குவது. இது எச்சரிக்கை. பக்கத்தில் இருங்கள், கவனியுங்கள். ஒன்று பின்வாங்கிவிட்டால் அதோடு முடிந்தது. இரண்டுமே பின்வாங்காமல் திரும்பத் திரும்ப இதுவே நடந்தால், சூழ்நிலையில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

சிவப்பு: ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பந்து போல உருள்வது. ஆழமாகக் கடிப்பது. ரத்தம். இது நிஜமான சண்டை. உடனே பிரிக்க வேண்டும்.

சத்தமில்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. ஒன்று எந்நேரமும் மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கும். தட்டுக்கு வந்தாலே மற்றது விரட்டும். ரத்தம் வராது, ஆனால் நாளுக்கு நாள் இளைக்கும். இதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். தராசு பிடித்துவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

திருச்சி வாசகியிடம் இந்தப் பட்டியலைச் சொன்னேன். "அப்படின்னா மஞ்சள்ல நிக்கிறோம் மேடம்" என்றார். மஞ்சளிலிருந்து பச்சைக்குத் திரும்ப முடியும். அதற்கு முதல் வேலை, கூண்டு.

மூன்று சதுர அடியில் இரண்டு ஆண்கள்

இரண்டடிக்கு ஒன்றரை அடி என்றால் மொத்தம் 3 சதுர அடி. வளர்ந்த ஆண் கினி பிக் ஒவ்வொன்றும் ஒரு கிலோ வரை இருக்கும். 3 சதுர அடியில் இரண்டு இருந்தால், ஒன்று முறைக்கும்போது மற்றது விலகிப் போக இடமே இல்லை. விலக முடியாததால் எதிர்க்கிறது.

இரண்டு ஆண்களுக்கு 10 சதுர அடியாவது கொடுங்கள். 5 அடி நீளம், 2 அடி அகலம். உயரத்தைவிட தரைப்பரப்புதான் முக்கியம். மாடி வைத்த கூண்டு பார்க்க அழகாக இருக்கும். ஆனால், அது ஓடும் இடத்தில் சேராது. ஓட ஒரு நீண்ட தரை வேண்டும்.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. கினி பிக் பூனை போலத் தாவி ஏறாது. ஹாலின் ஒரு மூலையில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கம்பித் தட்டிகளைக் கட்டி, கீழே ரெக்சின் விரித்து, அதன்மேல் பழைய பருத்திப் போர்வையை மடித்துப் போட்டாலே போதும். வீட்டுக்குள் பூனையோ பெருச்சாளியோ வரும் என்றால் மேலே வலை மூடி அவசியம்.

அடுத்தது, எல்லாம் இரண்டு. தட்டு இரண்டு, தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒளியும் வீடு இரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பயனில்லை. ஆளுக்கொரு கோடியில் வையுங்கள். இல்லாவிட்டால் பெரியது நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டுக்கும் சொந்தம் கொண்டாடும். புல்லை மூன்று, நான்கு இடங்களில் குவியலாகப் போடுங்கள்.

ஒளியும் வீட்டுக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் என்றால் உள்ளே இருப்பது மாட்டிக்கொள்ளும், வெளியே நிற்பது காவல் காக்கும். பெரும்பாலான கடிகள் இப்படி மாட்டிக்கொண்ட நேரத்தில்தான் விழும். காலணி வாங்கிய அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டிக் கவிழ்த்தாலே அருமையான வீடு. மையோ, பிளாஸ்டிக் டேப்போ இல்லாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் அவை கடித்துத் தின்னும்.

சுத்தம் செய்யும்போது ஒரு சின்ன நுணுக்கம். ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், அவை வைத்த வாசனை முழுக்கப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து 'இது யார் இடம்' என்ற தகராறு தொடங்கும். அழுக்கானதை மாற்றுங்கள், பழைய விரிப்பில் ஈரமில்லாத ஒரு துண்டை மட்டும் விட்டுவையுங்கள்.

நம் ஊர் வெயிலையும் மறக்க வேண்டாம். ஆண்டீஸ் குளிரில் வளர்ந்த இனம். அறையின் வெப்பம் 30 டிகிரியை நெருங்கினாலே அதற்குச் சிரமம். வெயில் படாத, காற்றோட்டமான அறையில் வையுங்கள். கோடையில் ஒரு பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றி ஒரு மூலையில் படுக்க வையுங்கள். அதையும் இரண்டு!

"ஒரு பொண்ணை வாங்கி விடுங்க"

வாசகி கூண்டு வாங்கிய கடையில் கேட்டிருக்கிறார். "ஒரு பெண் கினி பிக் வாங்கி உள்ளே விடுங்க, ரெண்டும் அடங்கிடும்" என்றார்களாம்.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அதுவரை வெறும் முறைப்பாக இருந்தது, பெண் வாசனை வந்ததும் ரத்தக் காயமாக மாறும். ஒரே அறையில் வேறு கூண்டில் பெண் கினி பிக் இருந்தால்கூட சில ஆண்கள் அமைதியிழந்துவிடும். பெண் கினி பிக்கைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுக் கையைக் கழுவாமல் ஆண்களைத் தொட்டாலும் இதே கதைதான்.

அத்துடன் கணக்கையும் பாருங்கள். கர்ப்பகாலம் 60 முதல் 70 நாள். ஒரு பிரசவத்தில் பொதுவாக 2 முதல் 4 குட்டிகள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகிவிட முடியும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்தாக வேண்டும். ஏழெட்டு மாதம் தாண்டி முதல் முறை சினையாகும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு விரியாமல் பிரசவத்தில் உயிரே போகலாம். இரண்டைச் சமாளிக்க முடியாமல் தவிக்கும் வீட்டில், வருடம் முடிவதற்குள் இருபது இருக்கும்.

'கருத்தடை ஆபரேஷன் செய்தால் ஆண்கள் சாதுவாகிவிடுமா?' என்றும் கேட்கிறார்கள். நாயிடம் பார்த்த அனுபவத்தில் கேட்கிறார்கள். கினி பிக்கில் யார் பெரியவன் என்ற தகராறு ஆபரேஷனால் பெரிதாக மாறுவதில்லை. ஓர் ஆணைப் பெண்ணோடு சேர்த்து வளர்க்க விரும்பினால் அது பயன்படும். அப்போதும் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் தனியே வைத்திருந்துதான் சேர்க்க வேண்டும். அதுவரை அதனால் குட்டி உண்டாகலாம்.

சரி, மூன்றாவதாக ஓர் ஆணையே சேர்த்தால்? வேண்டாம். மூன்று என்றால் இரண்டு ஒரு கட்சி, ஒன்று தனிமரம். இரண்டு ஆண்கள் நிம்மதியாக இருக்கிறார்களா, அப்படியே விடுங்கள்.

புது ஆளைச் சேர்ப்பது எப்படி?

ஜோடியில் ஒன்று இறந்துபோய், மீதியிருக்கும் ஆணுக்குத் துணை தேடுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

புதிதாக வந்ததை இரண்டு வாரம் வேறு அறையில் வையுங்கள். நோய், பேன், சொறி எதுவும் இல்லை என்று உறுதியாகட்டும். அதன்பிறகு சில நாள் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்துப் பழக்குங்கள்.

சேர்க்கும் நாளில் பழையதன் கூண்டுக்குள் புதியதைத் தூக்கிப் போடாதீர்கள். அது அதன் வீடு, இது அத்துமீறி வந்தவன் என்றாகிவிடும். இரண்டுக்குமே பழக்கமில்லாத ஓர் இடம் வேண்டும். படுக்கையறைத் தரையில் ஒரு பெரிய பகுதியை அடைத்துக்கொள்ளுங்கள். நடுவில் புல்லைக் குவித்து, கொத்தமல்லி, வெள்ளரித் துண்டுகளைத் தூவுங்கள். இந்த நேரத்தில் ஒளியும் வீடு எதுவும் வேண்டாம்.

இரண்டையும் விட்டுவிட்டு நீங்கள் தரையில் உட்காருங்கள். டுர்ர்ர் என்று சுற்றும், ஏறும், துரத்தும். விடுங்கள். ஒவ்வொரு துரத்தலுக்கும் பயந்து தூக்கிப் பிரித்தால், பாதியில் நின்ற பேச்சு அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்கும். மூன்று, நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இரண்டும் ஒரே குவியலில் அருகருகே மேயத் தொடங்கினால் நல்ல சகுனம். பிறகு நன்றாகச் சுத்தம் செய்து, பொருள்களை இடம் மாற்றி வைத்த கூண்டுக்கு இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். முதல் சில நாட்கள் மீண்டும் கொஞ்சம் முறைப்பு இருக்கும். எதிர்பார்த்ததுதான்.

ரத்தம் வந்துவிட்டால்...

இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்: சண்டை நடக்கும்போது வெறும் கையை உள்ளே விடக் கூடாது. அந்த வேகத்தில் விரல் என்று தெரியாது, முன்பற்கள் ஆழமாக இறங்கிவிடும். பெரிய டவலை இரண்டின் மேலும் போடுங்கள். அல்லது குப்பை அள்ளும் முறத்தை நடுவில் செருகிப் பிரியுங்கள்.

காயத்தை நார்மல் சலைனால் மென்மையாகக் கழுவுங்கள். மஞ்சள்தூளோ, கண்ட களிம்போ பூசாதீர்கள். நக்கிவிடும். மேலே சின்னப் புள்ளியாகத் தெரியும் கடி, உள்ளே சீழ் கட்டிவிடும் என்பதால் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

மிக முக்கியமானது: வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவே கூடாது. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியாகப் போனால், கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா அழிந்து உயிரே போய்விடும். காயத்தில் பிழைத்தது மருந்தில் போன கதைகள் உண்டு. நாய், பூனைகளையே அதிகம் பார்க்கும் மருத்துவரிடம் போனால், 'இது கினி பிக், பென்சிலின் ஆகாது' என்று நீங்களே தயங்காமல் ஞாபகப்படுத்துங்கள்.

நிஜமாகவே ரத்தம் பார்த்த ஜோடியைத் திரும்ப ஒரே கூண்டில் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. அதற்காக ஒன்றை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டாம். அதே இடத்தின் நடுவில் கம்பித் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரியுங்கள். பார்த்துக்கொள்ளலாம், முகர்ந்துகொள்ளலாம், பேசிக்கொள்ளலாம். கடிக்க மட்டும் முடியாது. கோவையில் ஒரு வாசகர் வீட்டில் இரண்டு ஆண்கள் இரண்டு வருடமாக இப்படித்தான் இருக்கின்றன. பகலில் இரண்டும் தடுப்பை ஒட்டி ஆளுக்கொரு பக்கமாகப் படுத்துத் தூங்குகின்றன என்று போட்டோ அனுப்பியிருந்தார். அதுவும் ஒரு குடித்தனம்தான்.

ரொம்ப நாள் ஒற்றுமையாக இருந்த பெரிய ஆண்கள் திடீரென்று சண்டை போட்டால், ஏதாவது ஒன்றுக்கு உடம்பு சரியில்லையா என்று முதலில் பாருங்கள். பல் வலியோ, சிறுநீரகக் கல்லோ இருந்தால் அது பொறுமை இழக்கும், அல்லது பலவீனம் தெரிந்து மற்றது அதட்டத் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை தராசு

சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருக்கிறதல்லவா? அதன்மேல் ஒரு டப்பாவை வைத்து, வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துவையுங்கள். குழந்தைகளுக்கு ஏற்ற வேலை. ஒரு வயதுக்குக் கீழே என்றால் எடை வாராவாரம் கொஞ்சமாவது ஏற வேண்டும், அல்லது நிலையாகவாவது இருக்க வேண்டும். ஒன்று ஏறிக்கொண்டே போய், மற்றது இறங்கிக்கொண்டே வந்தால், நாம் பார்க்காத நேரத்தில் ஒன்று மற்றதைச் சாப்பிட விடுவதில்லை. ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அரை நாளுக்கு மேல் எதுவுமே தின்னாமல் இருந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வரி. புல்தான் பிரதான உணவு, எந்நேரமும் இருக்க வேண்டும். மருந்து தெளிக்காத இடத்து அருகம்புல் அருமையானது. நம்மைப் போலவே கினி பிக்காலும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. ஆகவே தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி கொடுங்கள். ஒரே துண்டை நடுவில் போட்டு 'யார் முதலில்' என்று வேடிக்கை பார்க்க வேண்டாம். ஒரே நேரத்தில், இரண்டு இடத்தில், இரண்டு துண்டு.

திருச்சியில் என்ன நடந்தது?

வாசகி அன்று மாலையே வேலையை ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் ஐந்தடி இடம் ஒதுக்கிக் கொடுத்தது, கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அதே கணவர். கம்பித் தட்டிகளைக் கட்டியதும் அவர்தான். மகள் இரண்டு காலணி அட்டைப்பெட்டிகளில் வாசல் வெட்டி, ஒன்றில் 'பட்டாணி இல்லம்', இன்னொன்றில் 'சுண்டல் இல்லம்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள். இரண்டும் மாறி மாறித்தான் குடியிருக்கின்றன என்பது வேறு விஷயம்.

முதல் மூன்று நாள் புது இடத்தில் துரத்தல் கூடத்தான் செய்தது. வாசகி பயந்து போன் செய்தார். "முடி சிலிர்க்குதா? பல் சத்தம் கேக்குதா?" என்று கேட்டேன். "இல்ல மேடம், டுர்ர்ர்னு ஆட்டம்தான்." "அப்படின்னா பச்சை. விடுங்க."

ஐந்து வாரம் கழித்து ஒரு வீடியோ வந்தது. சுண்டல் டுர்ர்ர் என்று இடுப்பை ஆட்டிக்கொண்டு வருகிறது. பட்டாணி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் வாயிலிருந்த புல்லோடு நான்கு அடி தள்ளிப்போய் உட்கார்ந்து தின்கிறது. சுண்டல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் குவியலுக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான் சண்டை. எடையும் சேர்த்து அனுப்பியிருந்தாள் மகள். இரண்டும் ஏறியிருக்கின்றன.

இன்னும் விடலைப் பருவம் முடியவில்லை. ஒரு வயது தாண்டும்வரை அவ்வப்போது மஞ்சள் விளக்கு எரியும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என்றாவது சிவப்பு வந்தால் நடுவில் போட ஒரு தட்டியும் தயாராகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

வீடியோவின் கடைசியில் மாமியாரின் குரல் கேட்டது. "சேவலா இருந்தாலும் முற்றம் பெரிசா இருந்தா, அது அது ஒரு மூலையில கிளறிக்கிட்டுக் கிடக்கும். கூடையில போட்டு மூடினது நம்ம தப்பு."